நாலரைக்கு முன் மூடிய விமானம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணலானது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் என்று தெரிந்திருந்தால் திருத்தியிருப்பேன். அரிசியளவு விமானியின் முகத்தில் மீசை வைக்க எனக்கு முடியும். கோடு போட்ட கொப்பியில் ஒரு வரியைக் கோட்டின் மேல் உட்கார வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வீட்டில் வறுமை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். வறுமையும் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். கடைகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மாதிரி விமானம் செய்கிறவர்கள் சிலர் கொழும்பில் வருடத்துக்கு ஒரு முறை ஒரு மண்டபத்தை எடுத்துத் தங்கள் விமானங்களை மேசைகளில் அடுக்கி வைப்பார்கள். பரிசும் கொடுப்பார்கள். விமானத்தைச் செய்தவர் அதைச் செய்த விதத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. நாங்கள் வைத்த விமானத்துக்கு அந்தக் கடதாசி மட்டும் இன்னும் போகவில்லை. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லை விளக்கத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. வில்லைகளைத் தீட்டிச் சட்டத்துக்குள் பொருத்துவேன். சட்டமில்லாத கண்ணாடி என்றால் வில்லையில் துளை போட்டு ஆணி முடுக்குவேன். இருபத்தெட்டு வருடமாக அதே அறை, அதே தீட்டும் சக்கரம். அந்தச் சக்கரத்தில் பட்டு என் இடது பெருவிரல் நகம் ஒருமுறை நடுவால் பிளந்தது. அன்று தொடக்கம் அது இரண்டாகத்தான் வளர்கிறது. முன்னால் வந்து வாடிக்கையாளரோடு கதைக்கத் தேவையில்லாத வேலை. இருபத்தெட்டு வருடம் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஐயா என்று நான் எழுதப்போகிறவர், அந்தக் கடைக்கு ஒரே கண்ணாடியை மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், இளைப்பாறிய பொறியியலாளர், மனைவி இறந்தபின் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஒரு சாண் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார். மூன்று தரமும் செய்து கொடுத்தோம். மூன்று தரமும் சரிவரவில்லை என்றார். மூன்றாம் தரம் முதலாளி என்னைப் பின்னறையிலிருந்து கூப்பிட்டார். ஐயா தம் பையிலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை எடுத்தார். கிளையில் காய் பிடித்த மாதிரி அதில் சின்னச் சின்ன உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைச் சாமணத்தால் இடுக்கிப் பிடித்துக் காட்டப் பார்த்தார். சாமணம் அந்த உறுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. தொடவில்லை.

கண்ணாடியில் பிழையில்லை. அவர் கைதான் நடுங்கியது. அதை முதலாளிக்கும் இன்னும் இரண்டு வாடிக்கையாளருக்கும் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெளிச்சம் சரியில்ல போல, ஐயா" என்றேன்.

"அப்ப வந்து பாருமன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வெளிச்சத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஜன்னல் முழுக்கக் கடல். கீழே தண்டவாளம், ரயில் போகும்போது மேசை மெல்ல நடுங்கும். ஒரு சுவரை மறைத்தபடி நாற்பத்திரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விமானத்தின் படம். லண்டனில் இருக்கும் மகனும் மெல்பேணில் இருக்கும் மகளும் பிறந்தநாளுக்கு அனுப்பியவை பாதி, அவரே வாங்கியவை பாதி. இளைப்பாறிய பிறகு ஆறுதலாக இருந்து செய்யலாம் என்று முப்பது வருடம் சேர்த்திருக்கிறார். ஒன்றையும் செய்து முடித்ததில்லை. அவர் இளைப்பாறினார், கையும் கூடவே இளைப்பாறிவிட்டது.

நாற்பத்துமூன்றாவது பெட்டி ஒன்று அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றது. மகன் யோசிக்காமல் அனுப்பியது, யாழ்ப்பாணத்தில் குண்டு போட்ட இனம். ஐயாவின் பெட்டிகள் எல்லாம் இரண்டாம் உலக யுத்தத்து விமானங்கள். "எங்கட தலைக்கு மேல பறந்தது ஒண்டும் இந்த மேசைக்கு வராது" என்றார். அதற்குப் பிறகு நான் அலுமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஒரு உறுப்பைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அதை இன்னொன்றோடு ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டினேன். நாலு மணிக்கு நான் எழும்பியபோது விமானியின் இருக்கை முடிந்திருந்தது. ஐயா அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, நல்லாய்ச் செய்திருக்கிறம் என்றார். எங்கள் இருவரையும் சேர்த்த அந்த 'றம்' அப்போதே தொடங்கியது. எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. என் பெயர் ஒரு இடத்திலும் வராத வேலை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அவருக்கு அறிவு, எனக்குக் கை. எந்த விமானம் எந்த வருடம் எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது, இறக்கைக்கு அடியில் பூசிய நீலம் எந்த மாதம் மாறியது, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. எனக்குத் தெரிந்தது விமானங்களின் வயிறு மட்டும்தான். அவர் ஒருமுறை மெல்பேணுக்கு ஏறியிருக்கிறார். ஆறு மாதத்துக்கென்று போய் இரண்டாம் மாதம் திரும்பி வந்தார். அங்கே எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வீடு சத்தமே போடாது என்றார்.

பெட்டிக்குள் வரும் செய்முறைப் புத்தகம் படமும் இலக்கமுமாக இருக்கும். இங்கிலீசில் இருக்கும் நாலு வரியை ஐயா வாசிப்பார். மற்றதெல்லாம் எனக்கு விளங்கும். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் நான் படித்து முடித்த முதலாவது புத்தகம் அதுதான்.

என் மனைவி முகத்துவாரத்துக்காரி. அவளுடைய அண்ணன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் பிளேன் செய்கிறேன் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மருமகனைக் கட்டாருக்கு அனுப்ப வழியுண்டா என்று என்னிடம் விசாரித்தார். இல்லையென்று சொன்னபோது, நான் ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் விமானத்துக்கு வர்ணம் பூசி, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் சின்னங்களையும் ஒட்டி முடித்த பிறகு, இனி நீர் அதை அழுக்காக்கும் என்றார் ஐயா. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி, இயந்திர மூடியின் கீழே எண்ணெய்க் கசிவு, விமானி காலை வைத்து ஏறும் இடத்தில் வர்ணம் தேய்ந்த அடையாளம். நாலு மாதம் தூசி படாமல் காத்த பொருளுக்கு ஒரு மாதம் இருந்து அழுக்குப் பூசினேன். போனில் இருந்த படத்தை மனைவியிடம் காட்டினேன்.

"அழுக்குத்தான் வேணும்னா இவ்வளவு பாடுபடுவானேங்க? நம்ம வீட்டு முன்னால ரெண்டு நாள் வைங்களேன்" என்றாள்.

இனி ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசை காயும்போது காற்றில் ஈரம் இருக்கக் கூடாது என்பது ஐயாவின் கொள்கை. கடற்கரையில் மாலையானதும் ஈரம் ஏறும், ஆகவே இறக்கை பொருத்துவது, உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடுவது போன்ற பெரிய வேலைகள் நாலரைக்கு முன் முடிந்துவிட வேண்டும் என்றார். பொறியியலாளர் சொல்கிறார் என்று நானும் நம்பினேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறையில் வேலை செய்தோம். அன்றைக்கு ஈரம் காலை ஏழரைக்கு வந்து ஒன்பது மணிக்குப் போய்விட்டது. நான் குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோது அங்கே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. ராகுகாலம் என்ற சொல் அந்த வீட்டில் ஒருநாளும் உச்சரிக்கப்படவில்லை. ஐயா விஞ்ஞானத்தில் உறுதியானவர்.

அந்த முதல் விமானத்தை ஐயா படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். விமானத்தை மட்டுமல்ல. சாமணம் பிடித்த கையை, தூரிகை பிடித்த கையை, மிக அருகில் வைத்து எடுத்தார். பத்து எடுத்தால் ஒன்பது கலங்கியிருக்கும். கலங்காத ஒன்றை அனுப்புவார். ஏன் கையை எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அவரைத் தனியே விட விரும்பவில்லை. கை நடுங்குகிறது என்று யாரோ உறவுக்காரர் சொல்லியிருக்கிறார்கள். அடுப்பில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொள்வார், மாத்திரையை மாற்றிப் போடுவார் என்று அவர்களுக்குப் பயம். பிளட்டை விற்றுவிட்டு மெல்பேணுக்கு வந்துவிடுங்கோ என்று மகள் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறாள். கடுகளவு உறுப்பைப் பிடிக்கிற கை சுடுதண்ணீரைக் கொட்டுமா என்று இவர் படம் அனுப்பிப் பதில் சொல்கிறார். அந்தக் கை என்னுடையது என்பதுதான் ஒரேயொரு குறை.

ஒரு விமானத்தில் ஏறாமல் இருப்பதற்காக நாங்கள் விமானம் செய்துகொண்டிருந்தோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாவது விமானம் இரட்டை இயந்திரம். மூக்குக்குக் கீழே நிலத்தில் உருள ஒரு சில்லு, இறக்கைகளுக்குக் கீழே இரண்டு. இந்த மாதிரி விமானத்துக்கு வால் பக்கம் பாரம் அதிகம். அதனால் உடலை மூடுவதற்கு முன் மூக்குக்குள் ஏதாவது பாரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முன்சில்லு நிலத்தில் நிற்காது. செய்முறைப் புத்தகத்தில் மூக்குக்குள் ஒரு சின்னச் சதுரம் போட்டுப் பக்கத்தில் இருபது கிராம் என்று காட்டியிருந்தார்கள். அதை நான் ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்தேன். மனைவியின் அண்ணனிடம் வலையில் கட்டும் ஈயம் கொஞ்சம் கேட்டு வாங்கி, கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அந்த ஞாயிறு பஸ் புறக்கோட்டையில் நின்ற இடத்திலேயே ஒரு மணித்தியாலம் நின்றது. நான் போய்ச் சேர மூன்றரை. உள்ளறைக்கு வர்ணம் தொட்டு, இருக்கைகளை வைத்து முடிக்க நாலு இருபது ஆகிவிட்டது.

"மூடும், மூடும். பத்து நிமிசந்தான் இருக்கு" என்றார் ஐயா.

என் கை சட்டைப்பைக்குப் போனது. "ஐயா, ஒரு சின்ன..." என்றேன்.

"பிறகு கதைப்பம். முதல்ல மூடும்."

மூடினேன். பசை பிடிக்கும்வரை கழலாமல் இருக்க ரப்பர் வளையங்களும் போட்டேன். மணிக்கூட்டில் நாலு இருபத்தெட்டு. ஐயா நாற்காலியில் சாய்ந்து, இனி ஈரம் வந்தாலும் பயமில்லை என்றார். பொறியியலாளர் ஒருவருக்குப் பாரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? இந்த விமானத்துக்குத் தேவையில்லையாக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஈயத்தைத் திருப்பிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் அது என் நெஞ்சுக்கு மேல் இருந்தது. இருபது கிராம்தான்.

சில்லுகள் கடைசியாகத்தான் பூட்டப்படும். ஆகவே மூன்று மாதம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் செய்த வேலையில் எனக்கே பெருமை இருந்தது. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஆணித்தலைகள், ஜன்னல் விளிம்பில் மயிரிழைக் கோடு. அதைப் பார்த்த ஐயா கண்காட்சிக்கு வைக்கலாம் என்று தீர்மானித்தார். மகளுக்கும் சொல்லிவிட்டார். கண்காட்சியைப் பார்க்கத் தானே வருகிறேன் என்று மகள் சொன்னாள். வந்தால் விற்பனைப் பத்திரங்களோடுதான் வருவாள் என்று ஐயாவுக்குத் தெரியும். ஆனால் விமானத்தை நேரில் கண்டால் வாய் அடைத்துவிடும் என்று நம்பினார்.

கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சில்லுகளைப் பூட்டி மேசையில் வைத்தேன். கையை எடுத்ததும் விமானம் ஒரு கணம் நின்றது. பிறகு வாலை மெல்ல இறக்கி, மூக்கை மேலே தூக்கி, கடைவாசலில் நாய் குந்தியிருப்பதுபோல் இருந்துகொண்டது.

ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார். காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினார். அது அப்படியே இருந்தது.

"மூக்குக்குள்ள பாரம் வைச்சனீரே?" என்றார்.

நான் கூடவே கொண்டுபோகும் கருவிப் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அவிழ்த்து, ஈயத்தை மேசையில் வைத்தேன்.

"இது எப்ப கொண்டுவந்தனீர்?"

"மூடின அண்டைக்கே இருந்துச்சு, ஐயா. பையில."

"பின்னை ஏன் ஐசே வாய் திறக்கேல்ல?"

"திறந்தேன் ஐயா. நீங்கதான் ராகுகாலம் வருதுன்னு..."

"நான் ஒருநாளும் ராகுகாலம் எண்டு சொல்லேல்ல. ஈரம் எண்டுதான் சொன்னனான்" என்றார் ஐயா.

 வாலுக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தன் காலில் நிற்காத விமானத்தை ஏற்கமாட்டார்கள் என்றார். சில்லுகளைப் பலகையில் ஒட்டிவிடலாம் என்று என் மனைவி பிறகு யோசனை சொன்னாள். அதை ஐயாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. உடலைத் திரும்பப் பிளந்தால் மூன்று மாத வேலை போய்விடும்.

மிச்சமிருந்தது ஒரு வழிதான். முன்சில்லு மடங்கிப் போகும் பள்ளத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு துளை போட்டு, அதனூடாக ஈயத்தைச் சின்னச் சின்ன மணிகளாக உள்ளே விட்டுப் பசையால் இறுக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று பார்க்க மூக்கில் ஒரு கடதாசிப் பையைக் கட்டி, சில்லு நிலத்தைத் தொடும்வரை ஈயத்தைப் போட்டு அளந்துகொண்டேன். ஒரு கிழமை முழுவதும் கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஈயத்தை நறுக்கி மிளகிலும் சின்னதாக்கினேன். மகள் வருவது புதன்கிழமை. ஞாயிறு போய் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு நான் மணியை அடித்தபோது கதவைத் திறந்தது மகள். விமானச் சீட்டு முந்திக் கிடைத்ததாம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, கண்ணாடிக்கடைத் தம்பி, வெளிச்சம் பார்க்க வந்தவர் என்றார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மகள் தேநீரோடு வந்துவிட்டார். கோப்பையை வாங்கும்போது அவர் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்காததில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

"நான் வந்திட்டன் எண்டு பாக்காமல் உங்கட வேலை நடக்கட்டும் அப்பா. நான் சும்மா இருந்து பாக்கிறன்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐயா கெட்டிக்காரர். துளையை நீர் போடும், அது உம்முடைய தொழில்தானே என்றார். விமானத்தைத் துவாய்க்கு மேல் தலைகீழாக, மூக்குக் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து, வில்லைக்குத் துளை போடும் துளைப்பானால் துளைத்தேன். கடலைச் சுருள் மாதிரி ஒரு கடதாசிச் சுருள் செய்து அதன் நுனியைத் துளையில் வைத்து ஈயமணிகளைப் போட்டேன். ஒன்றும் இறங்கவில்லை. நறுக்கிய ஈயம் உருண்டையாக இல்லாததால் நுனியில் அடைத்துக்கொண்டது. சுருளைத் தட்டினேன். மொத்தமாக வந்து விமானத்தின் வயிறெல்லாம் சிதறி நிலத்தில் ஓடியது. பொறுக்கி மறுபடி போட்டேன். மறுபடி அடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையின் அசையாத தன்மை எனக்குத் தொந்தரவாக இருந்தது.

"இஞ்ச தாரும்" என்றார் ஐயா.

சுருளை வாங்கிப் பிடித்தார். அவருடைய கை வழக்கம்போல் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு ஈயமணிகள் ஒவ்வொன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தம் கேட்கும்படி உள்ளே இறங்கின. அடைக்கவும் இல்லை, சிதறவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் சுருள் வெறுமையானது. நான் பசையை விட்டேன். ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு பத்து.

"என்னப்பா, ராகுகாலத்துக்கு நேரம் கிடக்கோ?" என்றார் மகள்.

"ஈரம்" என்றார் ஐயா.

பசை இறுகியதும் விமானத்தைத் திருப்பி மேசையில் வைத்தேன். மூன்று சில்லிலும் நின்றது. கீழே ரயில் போனது. மேசை நடுங்கியது, விமானம் மூக்கை இரண்டு தரம் ஆட்டியது, வாலில் குந்தவில்லை. மகள் குனிந்து ஜன்னல் விளிம்பின் மயிரிழைக் கோட்டைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஐயாவின் கையைப் பார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்றார் ஐயா, யாரும் கேட்காமலே.

"அப்பா, கை நடுங்கிறது எங்களுக்குப் போன வருசமே தெரியும்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள் அனுப்பின படம்தான். உங்கட கையில எப்பவும் மோதிரம் கிடக்கும். படத்தில மோதிரத்தைக் காணேல்ல."

"வேலை செய்யேக்க மோதிரத்தைக் கழட்டி வைக்கிறனான்."

"நகத்தையுமோ?" என்றார் மகள்.

நான் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்தேன். ஐயா கடலைப் பார்த்தார். எழும்பிப் போகலாமா என்று நான் யோசித்தேன், ஆனால் கதவுக்குப் போகும் வழியில் மகளின் கதிரை இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, ஒவ்வொரு ஞாயிறும் வாறனீங்களோ?"

"ஓம்."

"மழை எண்டாலும்?"

"ஓம்" என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "பஸ் பிந்தினா மட்டும் கொஞ்சம் லேட்டாகும்" என்றேன்.

மகள் சுவரிலிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "இன்னும் எத்தினை கிடக்கு, அப்பா?"

"நாப்பத்தொண்டு" என்றார் ஐயா. செய்த இரண்டையும் கழித்தால் சுவரில் இருந்தது நாற்பது. அலுமாரிக்குப் பின்னால் இருந்ததையும் அவர் சேர்த்துச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒண்டுக்கு அஞ்சு மாசம் எண்டால்..." மகள் மனக்கணக்குப் போட்டார். "பதினேழு வருசம். உங்களுக்கு அப்ப தொண்ணூத்தைஞ்சு."

"கெதியாச் செய்தால் அப்பிடி" என்றார் ஐயா.

மகள் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். அங்கேயிருந்து, நாங்கள் பயந்தது கைக்கில்லையப்பா, ஒருத்தரும் வராத வீட்டுக்கு என்றார். பெட்டி முடியட்டும், பிறகு விற்கிறதைப் பற்றிக் கதைப்பம் என்றும் சொன்னார். ஏறக்குறைய ஒரு வருடம் நாங்கள் ஒளித்துவைத்தது என்னை. வாசலிலேயே நிறுத்திக் காட்டியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

கண்காட்சிப் படிவத்தை மகளே நிரப்பினார். என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். சனிக்கிழமை விமானம் தன் காலில் நின்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆணித்தலைகளைப் பார்த்து நடுவர் தலையாட்டினார், மயிரிழைக் கோட்டைப் பார்த்தும் தலையாட்டினார், கீழே குனிந்து சில்லுகளைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த விமானம் இருந்த படைப்பிரிவு அந்த வருடம் பாவித்த பச்சை இதுவல்ல என்று எழுதிவிட்டுப் போனார். அந்த விமானத்தில் முழுக்க முழுக்க ஐயாவின் பொறுப்பாக இருந்தது பச்சை ஒன்றுதான். ஐயா நடுவருக்கு இங்கிலீசில் நாலு பக்கக் கடிதம் சொல்லச்சொல்ல மகள் எழுதினார். மெல்பேணுக்குத் திரும்பும் நாள்வரை வீட்டில் வேறு கதை இருக்கவில்லை. பத்திரங்கள் பையைவிட்டு வெளியே வந்தனவோ தெரியாது.

பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், இரண்டு பெயரும் போட்டு. அதை என் மனைவி சட்டம் போட்டுக் கொட்டாஞ்சேனையில் மாட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மருமகனின் விஷயத்தை மறுபடி கேட்டார்.

அதற்குப் பிறகு ஐயா பிறந்தநாளுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டி கேட்கிறார். வருடப்பிறப்புக்கும் கேட்கிறார். நாங்கள் ஒன்றைச் செய்து முடிக்க மூன்று வருகின்றன. நான் ஒரு உறுப்பைக் கெதியாக ஒட்டினால், ஏன் ஐசே அவசரப்படுகிறீர் என்று கோபிக்கிறார். நாலரைக்கு முன் மூட வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நான் போனதும் முதல் வேலையாக ஈயத்தை மேசை நடுவில் வைக்கிறேன். 

செய்த விதத்தை நீரே எழுதும், என்ர கை நடுங்குது என்று அவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நாளைக்கு ஞாயிறு. இதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். வாசித்துவிட்டு, ஈரம் என்றுதான் சொன்னேன் என்பார்.

எழுதி முடித்தது: ஆவணி மாதம் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை.